எம்.பி. அவையில் எழுப்பினால் என்ன நடக்கும்? சுகாதாரமும் சமூகநீதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்கடைக் குழியில் ஒருவர் இறக்கிறார், அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை, பழங்குடி விடுதிச் சிறுமிகளிடம் கேட்காமலே ஊசி போடுகிறார்கள். இப்படி ஏதாவது நடந்தால் மறுநாளே "எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்" என்கிறோம். அவரும் கேட்கிறார், காணொலி பரவுகிறது. அப்புறம் என்ன ஆகிறது? இது தொடர்பாக மக்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே.

எங்கள் எம்.பி. "நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார்" என்று செய்தி வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

அந்த ஒரு வரிக்குள் பத்து வேறு விஷயங்கள் இருக்கலாம். கேள்வி நேரத்தில் கேட்டிருக்கலாம், பூஜ்ய நேரத்தில் பேசியிருக்கலாம், விதி 377-இன் கீழ் ஒரு பக்கம் வாசித்திருக்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்திருக்கலாம், பட்ஜெட் விவாதத்துக்கு நடுவே இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம், ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவில் அதிகாரிகளைக் குடைந்திருக்கலாம். சும்மா அமைச்சரைப் பார்த்து மனு கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கவும் செய்யலாம். அது நாடாளுமன்ற நடவடிக்கையே இல்லை.

இவற்றில் எதற்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும், எதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் முக்கியம். செய்தித்தாள்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி: எது பெரிது?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும். அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம், மற்ற உறுப்பினர்களும் நுழையலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15. எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால் பட்டியலின் பின்பாதி பெரும்பாலும் வாய்மொழிக்கு வருவதே இல்லை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வைத்துவிடுவார்கள்.

குறியிடாத கேள்விக்கு எழுத்துப் பதில் மட்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை. டிவியில் வராது, கைதட்டல் கிடைக்காது. ஆனாலும் சுகாதாரம், சமூகநீதி விஷயங்களில் இதற்குத்தான் என் ஓட்டு. மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக, பிரிவுவாரியாகக் கணக்கு கேட்டு வாங்க இதைவிட நல்ல வழி இல்லை. வந்த பதில் அரசின் ஆவணம். அதை நீதிமன்றத்தில் வைக்கலாம், அடுத்த ஆண்டுப் பதிலோடு ஒப்பிடலாம், "போன முறை வேறு எண் சொன்னீர்களே" என்று பிடிக்கலாம்.

பூஜ்ய நேரத்தில் ஆவேசமாகப் பேசும் காணொலிகள்தானே அதிகம் வருகின்றன?

ஆமாம். அவசரப் பிரச்சினையை உடனே அவைக்குக் கொண்டுவர அதுதான் வழி. கேள்வி கேட்கப் பல நாள் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும். பூஜ்ய நேரத்துக்கு மாநிலங்களவையில் அன்று காலையில் கொடுத்தாலே போதும். பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். ஆனால் விதிப் புத்தகத்தில் "பூஜ்ய நேரம்" என்று ஒன்று கிடையாது, வழக்கத்தில் வந்தது. அமைச்சர் அங்கேயே பதில் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மக்களவையின் விதி 377-உம், மாநிலங்களவையின் சிறப்புக் குறிப்பும் இதற்கு அடுத்த படி. சுமார் 250 சொற்களில் எழுதிக்கொடுத்து வாசிப்பது. சம்பந்தப்பட்ட அமைச்சகம் பிறகு உறுப்பினருக்குக் கடிதமாகப் பதில் அனுப்பும். தொகுதியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ. மருத்துவமனை மாதிரி விஷயங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும்.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறதே, டெல்லியில் கேட்டு என்ன பயன்?

பொது சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள் எல்லாம் மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனம். உண்மைதான். ஆனால் மருத்துவத் தொழிலும் தொற்றுநோய்த் தடுப்பும் பொதுப்பட்டியலில் வருகின்றன. மருந்து அனுமதி, தேசிய சுகாதார இயக்கத்தின் நிதி, தடுப்பூசித் திட்டம் எல்லாம் மத்திய அரசின் கையில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சார்ந்த சட்டங்களும் நாடாளுமன்றம் இயற்றியவை.

நடைமுறையில், பதில் சொல்ல விருப்பமில்லாத அமைச்சகத்துக்கு இந்த வரி ஒரு நல்ல மறைவிடம். "சுகாதாரம் மாநில விஷயம்" என்று தொடங்கும் பதிலைப் பார்த்தால், அடுத்த பத்தியில் எண் எதுவும் இருக்காது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

"தகவல் இல்லை" என்று அரசு பதில் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லியிருக்கிறது. 2020 செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படியான தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் எழுத்தில் சொன்னது. தரவே இல்லை என்றால் இழப்பீடு என்ற பேச்சும் எழாது அல்லவா? அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்தது. எழுத்துப் பதில்கள் மட்டும்தான், துணைக் கேள்வி கேட்டு மடக்க வழியில்லை.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் வந்தது இன்னொரு வகை. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, சுகாதார இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் தந்த எழுத்துப் பதிலின் சாரம் இது: சுகாதாரம் மாநில விஷயம், மரணங்களை மாநிலங்களே தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதில் பொய்யைக் காட்டுவது கடினம். மாநிலங்கள் அனுப்பும் படிவத்தில் அப்படி ஒரு காரணத்தைத் தனியாக எழுதும் இடம் உண்டா என்பதுதான் அடுத்து கேட்டிருக்கவேண்டியது. சிலிண்டர் தேடி நகரமெல்லாம் அலைந்தவர்களுக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கையால் மலம் அள்ளி ஒருவரும் சாகவில்லை என்று அரசு சொன்னதாகப் படித்தோம். உண்மையா?

உண்மை. 2021 ஜூலையிலேயே, மல்லிகார்ஜுன கார்கேவும் எல். ஹனுமந்தையாவும் கேட்ட கேள்விக்குச் சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே மாநிலங்களவையில் அப்படித்தான் பதில் தந்தார். விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறக்கும் செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நாட்டில் இது எப்படிச் சாத்தியம்?

விடை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப் பிரிவில் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து, அதில் இருந்தவர்களுக்கு மறுவாழ்வு தரச்சொல்லும் சட்டம் அது. உலர் கழிப்பிடம், திறந்த வடிகால், ரயில் தண்டவாளம் போன்ற இடங்களில் மலத்தைக் கையால் அகற்றுபவர் ஒரு வகை. பாதாள சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கிவிடப்படுபவர் வேறு வகை, அவர் செய்வது "அபாயகரமான சுத்திகரிப்பு". இரண்டையுமே அந்தச் சட்டம் தடை செய்கிறது. குழியில் ஆளை இறக்கிவிட்டவருக்கு முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம்.

ஆகவே முதல் வகையில் எத்தனை மரணம் என்று கேட்டால் பூஜ்யம் வரும். இரண்டாவது வகையில் கேட்டால் நூற்றுக்கணக்கில் வரும். அதே அமைச்சகம், அதே சட்டம். 1993 முதல் சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்கள் எத்தனை என்று கேட்டு வாங்கிய மாநிலவாரிப் பட்டியல்களில் தமிழ்நாடு பல முறை முதலிடத்தில் வந்திருக்கிறது. பதிவு செய்வதில் முந்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைச் சொல்லி ஆறுதல்பட முடியாது.

கேள்வியை எழுதிக்கொடுப்பவர் சட்டத்தைப் படித்திருக்கவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எம்.பி.யின் கோபம் நியாயமானதாக இருந்தாலும், கேள்வியில் தவறான பிரிவின் பெயர் இருந்தால் பதில் தப்பித்துவிடும்.

அப்படியானால் சரியாகக் கேட்ட உதாரணம் ஏதாவது உண்டா?

அதே 2021 டிசம்பரில் ராஷ்டிரிய ஜனதா தள எம்.பி. மனோஜ் ஜா மாநிலங்களவையில் கேட்டது. கையால் மலம் அள்ளுவோர் என அடையாளம் காணப்பட்டவர்களின் சாதிவாரி விவரத்தைக் கேட்டார். அதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர், அவர்களில் 43,797 பேருக்குச் சாதி விவரம் இருக்கிறது, அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று பதில் வந்தது. நூற்றுக்கு 97 பேர்.

எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். தெருவுக்குத் தெரிந்திருப்பது வேறு, அமைச்சர் கையெழுத்தோடு அவை மேசையில் இருப்பது வேறு. இனி எந்த அதிகாரியும் இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை, இயந்திரம் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவ முடியாது.

இறந்தவர்கள் எந்த நிலையில் குழியில் இறங்கினார்கள் என்பதற்கும் கணக்கு வந்துவிட்டது. 2022, 2023-இல் நடந்த மரணங்களில் 54-ஐ எடுத்து அரசே ஒரு சமூகத் தணிக்கை செய்யச் சொன்னது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு அதன் முடிவு வந்தது: 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் வந்து இறந்தவர் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?

பணம் கொடுக்கச் சொன்னது நாடாளுமன்றம் அல்ல, உச்ச நீதிமன்றம். துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று, 1993-க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பு. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்ந்தது. நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 20 லட்சம்.

நாடாளுமன்றத்தின் பங்கு அதற்கு அடுத்தது: எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று, யாருக்கு நிலுவை, எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை பேருக்குத் தண்டனை? இந்தக் கடைசிக் கேள்வியை இன்னும் அதிகம் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். இழப்பீட்டுக் கணக்கு கேட்பவர்கள் பலர், தண்டனைக் கணக்கு கேட்பவர்கள் சிலர்.

எதிர்க்கட்சி எம்.பி.யோ சின்னக் கட்சி எம்.பி.யோ சட்டமே கொண்டுவர முடியுமா?

முடியும், தனிநபர் மசோதாவாக. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் அதற்கு ஒதுக்கப்படும். பல உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரம் அது என்பது தனிக் கதை. சுதந்திரத்துக்குப் பிறகு இப்படி 14 மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியானது 1970-இல்.

அந்த வரிசையில் சேராவிட்டாலும் தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவைச் சொல்லவேண்டும். 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தீர்ப்பைத் தந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அவர் மசோதாவை அறிமுகப்படுத்தினார். வேலையிலும் கல்வியிலும் இட ஒதுக்கீடு, ஆணையம் என்று அதில் நிறைய இருந்தது. வழக்கமாக அமைச்சர் "அரசே கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள்" என்பார், உறுப்பினரும் பெற்றுக்கொள்வார். இவர் பெற்றுக்கொள்ளவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று குரல் வாக்கெடுப்பில் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அவையைத் தாண்டி பல பத்தாண்டு ஆகியிருந்தது.

மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு 2016-இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது, அது காலாவதியாகி, மறுபடி கொண்டுவந்த மசோதா 2019-இல் சட்டமானது. இட ஒதுக்கீடு போய்விட்டது. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. இரண்டையும் எதிர்த்துத் திருநர் சமூகம் தெருவில் இறங்கியது. மசோதாவை விரிவாக ஆராயும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா கொண்டுவந்த தீர்மானமும் தோற்றது. ஆக, அவர் தோற்றாரா? அவர் மசோதா இல்லாவிட்டால் அரசு அந்த வேகத்தில் நகர்ந்திருக்காது. நகர்ந்த திசைதான் பிழை.

நிலைக்குழு என்று ஒன்று சொன்னீர்களே, அங்கே என்ன நடக்கிறது?

கேமரா இல்லாத இடம், அதனால் வேலை நடக்கும் இடம். துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 உறுப்பினர்கள். சுகாதாரக் குழு மாநிலங்களவையின் கீழும், சமூகநீதிக் குழு மக்களவையின் கீழும் வருகின்றன. கட்சி பேதம் இங்கே கொஞ்சம் தளர்ந்திருக்கும். துறைச் செயலரே நேரில் வந்து பதில் சொல்லவேண்டும்.

2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 24,000 பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. கம்மத்தில் பலர் பழங்குடி விடுதி மாணவிகள். பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்ததும் விஷயம் வெடித்தது. மகளிர் அமைப்புகளும் அப்போது மாநிலங்களவையில் இருந்த பிருந்தா காரத்தும் பிடித்துக்கொண்டார்கள், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றது அரசு விசாரணை. அந்த ஊசியை உலகில் பல நாடுகள் போடுகின்றன, அதைப் பற்றிப் பயம் கிளப்ப இதைச் சொல்லவில்லை. சம்மதம் யாருடையது என்பதே இங்கே விவகாரம். 2013-இல் சுகாதார நிலைக்குழு தன் 72-ஆவது அறிக்கையில் அமைச்சகத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலையும் காய்ச்சி எடுத்தது. மருந்துச் சோதனைகளில் சம்மதம் வாங்கும் விதிகள் பிறகு இறுகியதில், அப்போது நடந்த உச்ச நீதிமன்ற வழக்கோடு இந்த அறிக்கைக்கும் பங்கு உண்டு.

அமைச்சர் வாக்குறுதி கொடுத்துவிட்டு மறந்தால்? தவறாகச் சொன்னால்?

"பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டி அவையில் வைக்கிறோம்" போன்ற சொற்கள் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும் என்பது விதி, ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதும் உண்டு. தவறான தகவல் என்றால் உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதி அமைச்சரிடம் திருத்தம் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி யார்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மருத்துவர், சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். 1927-இல் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். பால்வினை நோய், சிறுமிகளின் உடல்நலம், சாதியின் பெயரால் நடந்த சுரண்டல் எல்லாம் ஒரே பிரச்சினையின் பக்கங்கள் என்பது அவர் பார்வை. எதிர்த்தவர்களில் காங்கிரஸின் சத்தியமூர்த்தியும் ஒருவர். வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். சட்டம் வந்தது 1947-இல், தீர்மானத்துக்கு இருபது ஆண்டு கழித்து. இதற்குள் முத்துலட்சுமி அவையிலிருந்து விலகியே பதினேழு ஆண்டு ஆகிவிட்டது.

தொகுதி நிதியிலிருந்து மருத்துவமனைக்குச் செய்யலாமே?

செய்யலாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடிப் பகுதிகளுக்கும் போகவேண்டும். ஆம்புலன்ஸ், கட்டடம், கருவி வாங்கலாம். செவிலியருக்குச் சம்பளம் தர முடியாது.

என் ஊர்ப் பிரச்சினையை எம்.பி.யிடம் எப்படிக் கொண்டுபோவது?

உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்கவேண்டும் என்பதில்லை, மாநிலங்களவை உறுப்பினரிடமும் போகலாம். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போய்விடுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அவரைவிட அவருடைய உதவியாளரைப் பிடிப்பது நல்லது, நோட்டீஸை எழுதுவது பெரும்பாலும் அவர்தான்.

பத்துப் பக்க மனு வேண்டாம். எந்த அமைச்சகம், எந்தச் சட்டம் அல்லது திட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவுவாரியாக விவரம் வேண்டும் என்று அரைப் பக்கம் போதும். கேள்வி 150 சொல்லைத் தாண்டக்கூடாது. முழுக்க மாநில அரசின் கையில் இருக்கும் விஷயம் என்றால் ஏற்கமாட்டார்கள். அதனால் அந்த மருத்துவமனைக்குத் தேசிய சுகாதார இயக்கப் பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று மத்திய அரசின் கை படும் இடத்தில் கேளுங்கள். உள்ளூர் மருத்துவமனையில் மருத்துவர் ஏன் வரவில்லை என்பதற்கு எம்.எல்.ஏ.தான் சரியான ஆள்.

காசு கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியிழந்தார்கள்.

பதில்களை எங்கே படிப்பது?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில், இரண்டு அவைகளுக்கும் தனித்தனிப் பகுதியில் எல்லாம் இருக்கிறது. எம்.பி. பெயர், அமைச்சகம், தேதி கொண்டு தேடலாம். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பதிலின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மாநிலவாரி அட்டவணை வழக்கமாகப் பின்னிணைப்பில் இருக்கும், நமக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.